வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை: ஆள் திறம், பொறுப்புக் கைமாற்றம் மோசம்

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, விழுங்குவதிலும் தடுமாற்றம் உள்ள என் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக, கொழும்பில் இயங்கும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் சேவையைச் சில மாதங்களாகப் பெற்று வருகிறோம். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள தொடர்மாடிகளில், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, முதியவர்கள் தனித்தோ எஞ்சியிருக்கும் ஒரு பிள்ளையுடனோ வாழும் வீடுகள் ஏராளம். அத்தகைய வீடுகளில் யாராவது படுக்கையில் விழுந்துவிட்டால், வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே இப்படியொரு சேவையைத் தேடவேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் எவரும் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிப்பதில்லை.

விளம்பரத்தில் ‘24 மணி நேரத் தாதியர் பராமரிப்பு’ என்று இருக்கும். வீட்டுக்கு வருபவர் தாதியாக இருப்பது அபூர்வம். இலங்கையில் தாதியாகத் தொழில் செய்வதற்கு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவுசெய்திருக்க வேண்டும். அதற்கு முன் ஆண்டுக்கணக்கான முழுநேரப் பயிற்சி இருக்கிறது. எங்களிடம் வந்தவர் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமையில் மூன்றாம் மட்டச் சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளர். கழுவித் துடைத்தல், உணவூட்டுதல், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தல் ஆகியவற்றுக்கு அந்தப் பயிற்சி போதும். மூக்கு வழியாக உணவுக் குழாய் போடவோ கதீற்றர் எனும் சிறுநீர்க் குழாயை மாற்றவோ ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்கவோ அது போதாது. இதைப் பராமரிப்பாளரின் குறையாகச் சொல்லவில்லை. தம்மால் எது முடியும், எது முடியாது என்பதை முதல் நாளே அவர் தெளிவாகச் சொன்னார். நிறுவனந்தான் எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சீருடையை அணிவித்து, எல்லோரையும் ‘மிஸ்’ என்று அழைக்கப் பழக்கி, வேறுபாடு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் குருநாகல் பக்கம், தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான். ஆயினும் ஒரு வாரத்துக்குள் இருவரும் சைகையும் சில சொற்களுமாகத் தமக்கென்று ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டனர். அம்மா அவரைப் ‘பிள்ளை’ என்பார், அவர் அம்மாவை ‘ஆச்சி’ என்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றும்போது, குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் சிவந்த இடம் ஏதும் தென்பட்டால் பெருவிரலால் அழுத்தி எடுத்துப் பார்ப்பார். அழுத்தி எடுத்ததும் தோல் வெளிறிப் பின்பு சிவந்தால் பயமில்லை. வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண்ணின் முதற்படி. அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடச் சொன்ன உறவினர் ஒருவரை, தேய்த்தால் அடியிலுள்ள தசை மேலும் பழுதாகும் என்று மரியாதையாகத் தடுத்ததும் அவர்தான். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்கமாட்டார்; தோள்மூட்டு விலகிவிடும் என்பதால் தோட்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்தே எழுப்புவார். பக்கம் மாற்றிய நேரம், குளிசை கொடுத்த நேரம், சிறுநீரின் அளவு, சாப்பிட்ட கரண்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதிவைத்தார். அந்தக் கொப்பியை நாங்களும் வாங்கிக் கொடுக்கவில்லை, நிறுவனமும் கொடுக்கவில்லை. தம் காசில் வாங்கியது.

சிக்கல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொடங்கியது. அவர் ஊருக்குப் போக, நிறுவனம் பதிலாள் ஒருவரை அனுப்பியது. ஒருவர் காலையில் புறப்பட்டுவிட, மற்றவர் மதியம் வந்து சேர்ந்தார், இருவரும் சந்திக்கவேயில்லை. வந்தவர் ஹற்றனைச் சேர்ந்த தமிழ்ப்பெண். தமிழில் கதைக்க ஆள் கிடைத்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்; எங்களுக்கும் நிம்மதி. ஆனால் கொப்பி முழுவதும் சிங்களத்தில் இருந்தது, இவருக்குச் சிங்களம் பேச வருமே தவிர வாசிக்க வராது. நோயாளியைப் பற்றி நிறுவனம் அவருக்குச் சொல்லியனுப்பியது ‘பக்கவாதம், பெண், வெள்ளவத்தை’ என்ற மூன்று தகவல்கள் மட்டுமே. அம்மாவுக்குக் கொடுக்கும் எந்தப் பானத்தையும் தூள் கலந்து தடிப்பாக்கியே கொடுக்கவேண்டும் என்று பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் அறிவுறுத்தியிருந்தார். நீர்த்த திரவம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நியூமோனியா வரை கொண்டுபோய் விடும். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா ஆசையாகக் கேட்க, அந்தப் பெண்ணும் அன்போடு சுடச்சுடப் பிளேன்ரீ (பாலில்லாத தேநீர்) ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அதுவும் படுத்த நிலையில்.

இருமல் நிற்காமல் மூச்சுத் திணறத் தொடங்கியதும் பக்கத்து வீட்டார் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தனர். 2016இல் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் கிடையாது. நானும் வைத்தியசாலைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்த வேளை, அதில் வந்த உத்தியோகத்தர் அவசர சிகிச்சைப் பிரிவின் தாதியிடம் அம்மாவை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, ஒட்சிசன் அளவு அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு, என்ன கொடுத்தோம், பழைய நோய்கள் எவை என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லிமுடித்தார். தாதி திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மாதாமாதம் கட்டணம் வாங்கும் நிறுவனத்தால் அந்த ஒரு நிமிடக் கைமாற்றத்தை ஏற்பாடு செய்யமுடியாமல் போனதுதான் என் முறைப்பாடு. அம்மா சில நாட்களில் தேறி வீடு வந்தார். வேறொன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

முகாமையாளரிடம் கேட்டபோது, பதிலாளை உடனே மாற்றித் தருவதாகச் சொன்னார். பிழை அந்தப் பெண்ணின் தலையில் விழுவதை நாங்கள் விரும்பவில்லை. சொல்லப்படாத ஒன்றை அவர் எப்படி அறிவார்? பதிவுபெற்ற தாதி ஒருவர் வாரந்தோறும் வந்து மேற்பார்வை செய்வார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வந்ததெல்லாம் தொலைபேசி அழைப்புகள், அவையும் பெரும்பாலும் பணம் செலுத்தும் தேதியை ஒட்டி. திருப்பித் தரப்படாத பதிவுக் கட்டணம், ஒரு மாத முற்பணம், தங்கி வேலை செய்பவருக்கு வீட்டுச் சாப்பாடு என்பவை வழமையானவை. அவற்றில் எனக்குப் பிணக்கில்லை. நாங்கள் கட்டும் தொகையில் எவ்வளவு பராமரிப்பாளரின் கைக்குப் போகிறது என்ற கேள்விக்கு மட்டும் எழுத்திலோ பேச்சிலோ பதில் இல்லை.

இந்தத் தொழிலில் ஆட்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. குருநாகல் பெண் அம்மா உறங்கும் நேரத்தில் ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழகுகிறார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2019இல் ஜப்பான் தொடங்கிய ‘குறித்த திறன்’ விசாவில் பராமரிப்புத் தொழிலும் அடங்கும். மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் தேறவேண்டும். இஸ்ரேலுக்கும் பலர் இதே வேலைக்குப் போகின்றனர். அவர் போகத்தான் வேண்டும், போகட்டும். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பது இத்தொழிலின் இயல்பு என்றால், கைமாற்றத்தை ஒழுங்காகச் செய்யாத நிறுவனம் தன் வேலையில் பாதியையே செய்கிறது.

நிலையான ஒருவர் கிடைத்து, வீட்டிலும் விபரமறிந்த ஒருவர் கூடவே இருப்பாரானால், இந்தச் சேவையைத் தாராளமாக எடுக்கலாம். குழாய் மூலம் உணவு, ஆறாத புண், அடிக்கடி மாறும் இன்சுலின் அளவு என்று இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்கள் தாதியர் பேரவைப் பதிவு இலக்கத்தைக் கேட்டுப் பார்த்து, தாதி ஒருவரையே அமர்த்துவது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு தாள் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது: தடிப்பாக்காத பானம் கூடாது, நிமிர்த்தி இருத்தியே ஊட்டவேண்டும், ஊட்டிய பின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது, வலக்கையை இழுக்கக் கூடாது. பதிலாள் வரும் நாளில் இருவரும் குறைந்தது ஒரு மணி நேரமாவது சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் கையால் எழுதி, முகாமையாளரின் ஒப்பத்தை வாங்கிய பின்னரே கடந்த மாதப் பணத்தைக் கட்டினோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மேலதிகக் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம்.