அரைப் புள்ளியில் நழுவிய சமநிலை: கிருஷ்ணகிரி செஸ் மன்றம் ஒன்றின் பயிற்சி குறித்து

கிருஷ்ணகிரியில் என் மகள் ஓராண்டாகச் சென்றுவரும் செஸ் மன்றத்தின் நிறைகுறைகளை அறிய, தருமபுரி அணியுடன் சென்ற ஞாயிறன்று நடந்த போட்டியே போதுமானது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டைப் போலவே நான்கு பலகைகள். வெற்றிக்கு 1, டிராவுக்கு ½ புள்ளி. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இரு அணிகளும் 1½ புள்ளிகளில் நின்றன.

நான்காம் பலகையில் இருபுறமும் ராஜாவும் ஒரு யானையும் மிஞ்சியிருக்க, எதிராளியிடம் மட்டும் ஒரு சிப்பாயும் இருந்த நிலையில் எங்கள் அணிச் சிறுவன் ஆடிக்கொண்டிருந்தான். ராஜாவைச் சிப்பாயின் பாதையில் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்துக் காத்திருந்து, எதிர்ச் சிப்பாய் அவ்வரிசைக்கு வந்த பிறகே யானையை எதிர் ராஜாவுக்குப் பின்னால் கொண்டுசென்று தொடர்ந்து செக் கொடுத்தால் டிரா உறுதி. 18ஆம் நூற்றாண்டு ஆட்டக்காரர் பிலிடோரின் பெயரால் வழங்கும் இம்முறை அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. யானை முன்னதாகவே நகர்ந்தது. 1½–2½ எனத் தோற்றோம்.

தொடக்க நகர்வுகளை இங்கே மிக நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், கட்டணமும் நியாயமானது. சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டமான இறுதியாட்டத்துக்கான பயிற்சிதான் போதவில்லை. வாரம் ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும். ஆயினும், அச்சிறுவனைக் கடிந்துகொள்ளாமல், அதே நிலையை உடனே பலகையில் அடுக்கி நால்வரையும் ஆடவைத்த பயிற்சியாளரின் பொறுமைக்காகவே என் மகளைத் தொடர்ந்து இங்கு அனுப்புகிறேன்.