சுங்கை சிப்புட்டில் ஒரு துப்பாக்கிப் பட்டறை: பெட்டிங் வேலை எப்படி இருக்கிறது?

50 மீட்டர் குறிசுடுதலுக்குப் பயன்படுத்தும் .22 துப்பாக்கிக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் அண்மையில் பெட்டிங் (bedding), அதாவது இரும்புப் பகுதியை மரக்கட்டையில் சரியாக அமர்த்தும் வேலை, செய்துகொண்டேன். பாதுகாப்புக் கருதித் தம் பெயரும் முகவரியும் இணையத்தில் வர வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அவற்றை எழுதவில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டுமன்றிப் பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும் என்பதால், கைதேர்ந்த தச்சர் பக்கத்து வீட்டிலேயே இருந்தாலும் இந்த வேலையை அவரிடம் கொடுக்க முடியாது. பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்டும் வேட்டைத் துப்பாக்கிகள். நடுவில் மடித்துத் திறக்கும் அவ்வகைக்கு இந்த வேலை தேவைப்படுவதில்லை. அதனால் சிறிது தயக்கத்துடன்தான் சென்றேன்.

குழலையும் தாழ்ப்பாளையும் தாங்கி நிற்கும் ஆக்‌ஷன் என்ற இரும்புப் பகுதியை, துப்பாக்கியைப் பிடித்துத் தோளில் வைக்கும் கட்டையில் குடைந்த பள்ளத்தில் இடைவெளியும் இல்லாமல் நெருக்குதலும் இல்லாமல் அமரச் செய்வதே பெட்டிங். ஆலையில் குடைந்த பள்ளம் பல வேளைகளில் இரண்டு மூன்று இடங்களில்தான் ஆக்‌ஷனைத் தொடும். திருகாணியை இறுக்கும்போது இரும்பு அந்த மேடுகளின்மேல் இலேசாக வளைந்து நிற்கிறது. சுடச் சுட அது அமரும் நிலையும் சிறிது சிறிதாக மாறுகிறது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால், இந்த மாற்றம் புள்ளிகளைத் தின்றுவிடும். நம் ஊரில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. வால்நட் கட்டை மழைக்காலத்தில் உப்பும், குளிரூட்டிய அறையில் நெடுநாள் இருந்தால் சுருங்கும். அதற்கேற்பத் திருகாணியின் இறுக்கமும் மாறும், கட்டையின் முன்பகுதி குழலை ஒரு பக்கமாகத் தள்ளவும் செய்யும்.

ஆகவே உரிமையாளர் பள்ளத்தின் இடைவெளியை நிரப்பும் எபாக்சிப் பசையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே தூண்களைப் பற்றிப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. திருகாணித் துளைகளை அகலமாக்கி, ஆக்‌ஷனின் அடிப்பாகத்துக்கும் கட்டையின் கீழே உள்ள இரும்புத் தகட்டுக்கும் இடையே அலுமினியக் குழாய்த் துண்டுகளை ஒட்டிவிடுகிறார். அதன்பின் திருகாணி இறுக்குவது உலோகத்தை உலோகத்தோடுதான். நடுவில் உள்ள மரம் உப்பினாலும் சுருங்கினாலும் அந்த இறுக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. எபாக்சி மட்டும் பூசி அனுப்பும் இடங்களும் உண்டு. வறண்ட நாட்டில் அது போதுமானதாக இருக்கலாம். மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் நம் பகுதிக்குத் தூண்கள் இல்லாத பெட்டிங் அரைகுறை வேலை என்பதே என் கருத்து. தூண்களின் உள்விட்டம் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதையும் அவர் காட்டினார். திருகாணியின் உடல் பக்கவாட்டில் எதையும் தொடக் கூடாது. தொட்டால் பின்னுதைப்பை அது வாங்கத் தொடங்கிவிடும்.

முன்னேற்பாடுகளைச் செய்த விதமும் நிறைவாக இருந்தது. ஆக்‌ஷன் அமரும் இடத்தில் மரத்தை மெல்லியதாகச் செதுக்கி எடுத்தாலும், உயரம் மாறாமல் இருக்கப் பழைய மரத்தில் சில சிறு திட்டுகளை விட்டுவைத்தார். விசை அமரும் குழியையும் மற்றத் துளைகளையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்து, இரும்பு முழுவதும் மெழுகு பூசினார். இந்த மெழுகில் ஓர் இடம் விட்டுப்போனால் துப்பாக்கியும் கட்டையும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். பெரிய ரகங்களில், எடுத்துக்காட்டாக மவுசர் 98-இல், ஆக்‌ஷனுக்கு அடியில் பின்னுதைப்பைத் தாங்கும் இரும்புப் பல் இருக்கும். அதன் முன்புறம், பக்கங்கள், அடி ஆகியவற்றில் டேப் ஒட்டி இடைவெளி விட்டு, பின்முகம் மட்டும் எபாக்சியில் பதியச் செய்வார்கள். என் துப்பாக்கியில் அந்தப் பல் இல்லை என்பதால் ஆக்‌ஷன் திரும்பாமலும் வளையாமலும் இருப்பதே நோக்கமாக இருந்தது.

அவர் பயன்படுத்தியது டெவ்கானின் எஃகுத்தூள் கலந்த எபாக்சிப் பசை. பசையையும் அதை இறுகச் செய்யும் கெட்டியாக்கியையும் கன அளவில் கலந்தால் 2.5-க்கு 1, எடையில் கலந்தால் 9-க்கு 1. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களிடம் பசை கடைசிவரை சரியாக இறுகாது. 24 பாகை செல்சியசில் சுமார் 45 நிமிடம் வேலை செய்யலாம் என்று கணக்கு. நம் வெயிலில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்பதால் காலையிலேயே பூசுகிறார். ஆக்‌ஷனைப் பசையில் இறக்கியபின் திருகாணியால் முறுக்கவில்லை. தலையில்லாத வழிகாட்டித் திருகுகளை வைத்து, ரப்பர் நாடாவால் இதமாகச் சுற்றிவிட்டார். முறுக்கியிருந்தால் வளைந்த நிலையிலேயே பசை இறுகியிருக்கும்.

குறையும் உண்டு. குழல் எங்கும் தொடாமல் மிதக்கும்படி அதன் பள்ளத்தை அகலமாக்கியவர், புதிதாக வெட்டிய மரத்துக்கு வார்னிஷ் பூசாமலேயே திருப்பிக் கொடுத்தார். இந்த ஊர் ஈரத்தைப் பற்றி அவ்வளவு பேசிய ஒருவர், ஈரம் குடிக்கும் பூச்சில்லாத மரத்தை அப்படியே விட்டது எனக்கு வியப்பாக இருந்தது. சொன்னதும் முகம் கோணாமல் பூசித் தந்தார் என்றாலும், கேட்காமலே செய்திருக்க வேண்டியது அது. கட்டையின் விளிம்பில் வழிந்த எபாக்சியின் சாம்பல் நிறக் கோடும் இன்னும் தெரிகிறது. சொன்ன நாளைத் தாண்டியும் காத்திருக்க நேர்ந்தது. கூலி 400 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். தூண்களையும் சேர்த்து என்பதால் அதில் எனக்குக் குறையில்லை.

வேலை சரியா என்பதை, மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் மானி சொல்லிவிடும். மானியைக் கட்டையின் முன்முனைக்கும் குழலுக்கும் இடையே பொருத்தி, முன் திருகாணியைத் தளர்த்தி இறுக்க வேண்டும். முன்பு முள் நன்றாகவே நகர்ந்தது, இப்போது 0.05 மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுதான், இந்த வேலைக்கு நல்ல அளவு அது. என் மிகச் சிறந்த குண்டுக் கூட்டம், அதாவது இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு, முன்பைவிடச் சுருங்கிவிடவில்லை. ஆனால் அடைமழைக்குப் பிறகு திடலுக்குப் போனாலும் குறி முன்பு வைத்த இடத்திலேயே நிற்கிறது, குறிக்கருவியைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அலுமினியப் படுகை பதித்த கட்டை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மரக்கட்டை வைத்திருப்பவர்கள் தயங்காமல் இவரிடம் போகலாம். தூண்களும் பள்ளத்துக்கான வார்னிஷும் கூலியில் அடங்குமா என்பதை மட்டும் துப்பாக்கியை ஒப்படைக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.