எட்டு லைனின் அழைப்புகளைப் பதிய எது நல்லது: தனிப் பெட்டியா, பிபிஎக்ஸ் மென்பொருளா?

திருகோணமலையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு எட்டு தொலைபேசி லைன்கள். எந்தப் படகு கரை திரும்பவில்லை என்று இரவு இரண்டு மணிக்கு ஒருவர் பதறிச் சொன்னதை, விடிந்ததும் சொல் பிசகாமல் திரும்பக் கேட்க வேண்டும். அதற்குத்தான் பதிவுக் கருவி. அது லைனில் பொருத்தும் தனிப் பெட்டியாக இருக்கலாம்; அல்லது பிபிஎக்ஸ், அதாவது அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் கணினி மென்பொருளாக இருக்கலாம்.

தனிப் பெட்டியைச் செப்புக் கம்பி லைன் ஒவ்வொன்றுக்கும் இணையாகப் பொருத்தலாம். ரிசீவரைத் தூக்கியதும் லைனில் மின்னழுத்தம் இறங்கும். அதை வைத்தே பதியத் தொடங்கும். பெட்டி பழுதானாலும் தொலைபேசி வேலை செய்யும். எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் எங்கள் உப்புக்காற்று பொல்லாதது. பதிவில் ஒரே கரகரப்பு என்று இணைப்புப் பலகையைத் திறந்தால், திருகுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு! அப்புறம், அறைக்கு அறை பேசும் உள் அழைப்புகள் இதில் பதியாது.

ஆஸ்டெரிஸ்க் போன்ற, கணினி வலையமைப்பு வழியே பேச்சைக் கடத்தும் ஐபி பிபிஎக்ஸில் உள் அழைப்புகளும் பதியும். திகதி, எண் வைத்துத் தேடலாம். மென்பொருள் இலவசம். ஜி.711 என்ற வழக்கமான தொலைபேசி ஒலி வடிவத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 எம்பி. ஜிஎஸ்எம் என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் 6 எம்பிக்குள் அடங்கும். ஆனால் கணினி நின்றால் தொலைபேசியும் நிற்கும். யுபிஎஸ் கட்டாயம்.

புதிதாக ஐபி ஃபோன் போடுபவர்கள் பிபிஎக்ஸுக்கே போகலாம். கடலிலிருந்து அழைப்பு வரும் இடத்துக்கு நான் பெட்டியைத்தான் எடுப்பேன். எதுவானாலும், பதிவாகிறது என்று அழைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருதரம் வாசியுங்கள்.