நோரா ஜோன்ஸ் 20வது வருஷ பாக்ஸ் செட்: ரெண்டாவது சிடிக்காகவே வாங்கலாம்

அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸோட முதல் ஆல்பம் "கம் அவே வித் மீ" வந்து 20 வருஷம் ஆச்சுன்னு புளூ நோட் ரெக்கார்டு கம்பெனி 2022 ஏப்ரல்ல ஒரு சூப்பர் டீலக்ஸ் செட் போட்டாங்க. 3 சிடியாவும் வந்துச்சு, 4 எல்பியாவும் (பெரிய இசைத்தட்டு) வந்துச்சு. மொத்தம் 44 டிராக், அதுல 22 அதுவரைக்கும் வெளியவே வராதது. நான் வாங்கினது சிடி செட். ஆறு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரத்துல இதுதான் ஓடுது, அதனால இனிமே தைரியமா எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல நான் யார்னு சொல்லிடறேன், ஏன்னா இந்த செட் எனக்கு இவ்வளவு ஒட்டிக்கிட்டதுக்கு அதுதான் காரணம். எங்க அப்பா மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிச்சவர், எங்க பக்கம் கோயில் திருவிழான்னா அவர் குழு இல்லாம இருக்காது. நான் ஸ்கூல் ஆண்டு விழாவுல மேடை ஏறி ஒரு பாட்டு பாடினா கீழ இருக்கவங்க என்னைப் பாக்க மாட்டாங்க, அப்பா முகத்தைப் பாப்பாங்க, அவர் தலையாட்டறாரா இல்லையான்னு. சின்ன டவுன்ல கீபோர்டு வாசிச்ச மனுஷன் பிள்ளைக்கே இதுன்னா, உலகமே சிதார்னு சொன்னா ரவிசங்கர்னு சொல்ற காலத்துல அவருக்குப் பொண்ணாப் பிறந்து, அதுவும் பாட்டையே தொழிலா எடுத்துக்கிட்ட நோராவுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. நோரா 1979ல நியூயார்க்ல பிறந்தாங்க, அப்ப வெச்ச பேர் கீதாலி நோரா ஜோன்ஸ் சங்கர். அம்மா சூ ஜோன்ஸ் கச்சேரி ஏற்பாடு பண்றவங்க. அப்பா அம்மா பிரிஞ்ச பிறகு அம்மாவோட டெக்சாஸ் பக்கம் கிரேப்வைன்கிற ஊர்ல வளர்ந்தாங்க, நடுவுல பல வருஷம் அப்பாவைப் பாக்கவே இல்ல, 18 வயசுக்கு மேலதான் மறுபடி பேச்சு. 16 வயசுலயே பேரை நோரா ஜோன்ஸ்னு சட்டப்படி மாத்திக்கிட்டாங்க. வீட்ல கேட்டது சிதார் இல்ல, அம்மா வெச்சிருந்த ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே ரெக்கார்டு. ஸ்கூல்ல படிக்கும்போதே 1996ல டவுன்பீட் பத்திரிகையோட மாணவர் விருதுல ஜாஸ் பாட்டுக்கும் சொந்தமா போட்ட பாட்டுக்கும் பரிசு வாங்கியாச்சு, அப்புறம் நார்த் டெக்சாஸ் யுனிவர்சிட்டில ஜாஸ் பியானோ. 1999ல படிப்பை பாதியில விட்டுட்டு நியூயார்க் போய் ஹோட்டல்ல பரிமாறுற வேலை பாத்துக்கிட்டே ராத்திரி சின்ன சின்ன இடங்கள்ல பாடினாங்க. அப்படி ஒரு நாள், அது அவங்க 21வது பிறந்தநாள், கேட்டுட்டு இருந்த ஈ.எம்.ஐ. ரெக்கார்டு கம்பெனி கணக்குப் பிரிவு அம்மா ஒருத்தங்கதான் புளூ நோட் தலைவர் புரூஸ் லண்ட்வால்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. கையில இருந்தது ஒரு டெமோ, அதாவது கம்பெனிக்காரங்க கேட்டுப் பாக்கறதுக்காகப் பாடி வெச்ச பதிவு, மட்டும்தான்.

அந்தக் காலத்து டெமோ எல்லாம்தான் இந்த செட்டோட ரெண்டாவது சிடி. சொல்லப்போனா நான் காசு கொடுத்தது இதுக்குத்தான்.

இந்த சிடியோட ஆரம்பத்துல சில பழைய ஜாஸ் பாட்டுங்க வருது, அமெரிக்காவுல எந்த ஹோட்டல் பியானோக்காரரும் பாடுற வகை. பியானோ அவங்களே வாசிக்கிறாங்க, கூட ரொம்ப பேர் கிடையாது. இருபது இருபத்தோரு வயசுப் பொண்ணு இவ்வளவு அவசரமில்லாம பாடுதேன்னு ஆச்சரியமா இருக்கு. "ஸ்பிரிங் கேன் ரியலி ஹேங் யூ அப் தி மோஸ்ட்" பாட்டை எடுத்துக்குங்க, அது பாடகிங்க தங்களோட வித்தையை எல்லாம் இறக்கி வைக்கிற பாட்டு, இவங்க ஒரு இடத்துல கூட குரலை இழுத்து சுத்தி காட்டல, வரி முடிஞ்சதும் விட்டுடறாங்க, அந்த இடைவெளில பியானோ ரெண்டே ரெண்டு சுரம் வைக்குது, அடுத்த வரி கொஞ்சம் லேட்டா வருது, தாளத்துக்குப் பின்னாடி சாஞ்சு உக்காந்த மாதிரி. நம்ம ஊர் பாட்டு வாத்தியார் கேட்டா "எடுப்பு தள்ளிப்போகுது"ன்னு அதட்டுவார். ஆனா அந்த லேட்டுதான் இவங்க அடையாளம், அது டெமோலயே முழுசா இருக்கு, யாரும் பின்னாடி சொல்லிக் கொடுத்தது இல்ல.

அதுக்கப்புறம் 2001ல "ஃபர்ஸ்ட் செஷன்ஸ்"னு சின்னதா வந்த ஆறு பாட்டும் இதுலயே இருக்கு. "டோன்ட் நோ ஒய்" தெரியும்ல, காபி கடைல ஷாப்பிங் மால்ல எல்லாம் ஓடுமே, அது எழுதினது ஜெஸ்ஸி ஹாரிஸ், நோராவோட காலேஜ் காலத்து நண்பர். அந்தப் பாட்டை டெமோவுக்காகப் பாடி ரெக்கார்ட் பண்ணினதையே கூட கொஞ்சம் குரல் சேர்த்து வெளிவந்த ஆல்பத்துலயும் வெச்சிட்டாங்க. அமெரிக்காவோட பெரிய இசை விருதான கிராமி மேடைல வருஷத்தோட சிறந்த ரெக்கார்டுன்னு பரிசு வாங்கினது, ஒரு புதுப் பொண்ணு கம்பெனிக்காரங்க கேக்கறதுக்காகப் பாடி வெச்சது! இதை நான் படிச்சப்ப எழுந்து போய் மறுபடி அந்த டிராக்கைப் போட்டேன். ஆரம்பத்துல கிட்டார் நிதானமா வரும், பியானோ ஓரமா நுழையும், குரல் மைக்குக்கு அவ்வளவு பக்கத்துல, மூச்சு வாங்கற சத்தம் ஹெட்ஃபோன்ல தெளிவா கேக்கும்.

மூணாவது சிடி வேற கதை. டெமோ பிடிச்சுப்போய் ஒப்பந்தம் ஆனதும் முதல்ல தயாரிப்பாளரா கிரெய்க் ஸ்ட்ரீட்டை வெச்சு, நியூயார்க்ல இருந்து மேல மலைப்பக்கம் இருக்க அலேர் ஸ்டூடியோல ஒரு முழு ஆல்பமே பதிவு பண்ணினாங்க. ஜாஸ் பாடகி கசாண்ட்ரா வில்சனுக்கு ஆல்பம் பண்ணிக் கொடுத்தவர் அவர். பில் ஃப்ரிசெல் கிட்டார், பிரையன் பிளேட் டிரம்ஸ், ஜாஸ் கேக்கறவங்களுக்கு இந்தப் பேருங்க போதும். ஆனா லண்ட்வால் கேட்டுட்டு டெமோல இருந்த அந்த உணர்வு இதுல இல்லன்னு சொல்லிட்டார். திரும்ப நகரத்துக்கு வந்து ஆரிஃப் மார்டினைத் தயாரிப்பாளரா வெச்சு மறுபடி பண்ணினாங்க, அலேர்ல பண்ணினதுல கொஞ்சம் மட்டும் வெளிவந்த ஆல்பத்துக்குள்ள போச்சு, மிச்சம் இருபது வருஷம் அலமாரில கிடந்துச்சு.

நான் இதை நாலஞ்சு தடவை முழுசா கேட்டேன். அழகு, அதுல சந்தேகமே இல்ல. கிட்டார் சத்தம் பனி மாதிரி சுத்தி நிக்குது. ஆனா டைட்டில் பாட்டை மட்டும் மூணு சிடில இருந்தும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு போட்டுப் பாருங்க, நான் ஒரு ஞாயித்துக்கிழமை அதையே மத்தியானம் வரைக்கும் பண்ணினேன். ஃபர்ஸ்ட் செஷன்ஸ்ல குரல் முன்னாடி, பியானோ அதுக்குத் துணை. அலேர்ல கிட்டார் முன்னாடி வந்துடுது, குரல் அந்தப் பனிக்குள்ள இருந்து கூப்பிடற மாதிரி இருக்கு. வெளிவந்த ஆல்பத்துல மறுபடி குரல் முன்னாடி. மார்டின் இஸ்தான்புல்ல பிறந்து அமெரிக்கா வந்தவர், அரீதா ஃபிராங்க்ளின், பீ ஜீஸ்னு பெரிய ஆளுங்களோட வேலை செஞ்சவர், அவர் இங்க பண்ணினது பெரும்பாலும் எதையும் கெடுக்காம பாத்துக்கிட்டதுதான். லண்ட்வால் முடிவு சரின்னு நான் சொல்வேன். அதே நேரம் அலேர் பதிவு தனி ஆல்பமா 2005 வாக்குல வந்திருந்தா அதையும் தலைல தூக்கி வெச்சிருப்பேன்.

இதுல எனக்கு முக்கியமாப் படறது என்னன்னா, சிதார் எங்கயுமே இல்ல. ஒரு இடத்துல தம்பூரா சுருதியாவது வரும்னு கம்பெனிக்காரங்க யோசிச்சிருக்கலாம், "ரவிசங்கர் மகள்"னு அட்டைல ஒரு வரி போட்டிருந்தா முதல் வாரமே நல்லா வித்திருக்கும். அப்படி எதுவும் பண்ணல. அதனாலேயோ என்னவோ ஆல்பம் 2002 பிப்ரவரில வந்து, வாய் வழியா பரவி, மெதுவா ஏறி, 2003 ஜனவரிலதான் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியல்ல முதலிடம் போச்சு. கிட்டத்தட்ட ஒரு வருஷம்! அடுத்த மாசம் நியூயார்க்ல நடந்த கிராமில இந்த ஆல்பத்துக்கு மொத்தம் 8 விருது, நோரா கையில மட்டும் 5. உலகம் முழுக்க இரண்டரை கோடி பிரதிக்கு மேல வித்திருக்கு.

அதே கிராமில வேற ஒரு பேரும் பரிந்துரைப் பட்டியல்ல இருந்துச்சு. அனுஷ்கா சங்கர், கார்னகி ஹால் கச்சேரி ஆல்பத்துக்காக. அவங்க அம்மா சுகன்யா நம்ம தமிழ்க்காரங்க. ஒரே அப்பா, ரெண்டு பொண்ணு, ஒருத்தர் அப்பா மடில உக்காந்து சிதார் கத்துக்கிட்டு அதே மேடைல வளர்ந்தவங்க, இன்னொருத்தர் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி டெக்சாஸ்ல பியானோ கத்துக்கிட்டவங்க. யாரு வழி சரின்னு நம்ம ஊர்ல உடனே பட்டிமன்றம் வெச்சிடுவோம். எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கும், 2013ல அனுஷ்காவோட "டிரேசஸ் ஆஃப் யூ" ஆல்பத்துல அக்கா பாடி தங்கச்சி சிதார் வாசிச்ச மூணு பாட்டு இருக்கு, அப்பா 2012 டிசம்பர்ல போன பிறகு வந்தது, அதையும் தேடிக் கேளுங்க.

குறைன்னு பாத்தா ரெண்டு இருக்கு.

ஒண்ணு, பாட்டெழுதறவரா நோராவைத் தெரிஞ்சுக்கணும்னா இந்த செட் பத்தாது. முதல் ஆல்பத்துல இருக்க 14 பாட்டுல அவங்களே தனியா எழுதினது டைட்டில் பாட்டும் "நைட்டிங்கேல்"உம் மட்டும்தான், "தி லாங் டே இஸ் ஓவர்" ஜெஸ்ஸி ஹாரிஸ் கூட சேந்து எழுதினது. மிச்சம் ஹாரிஸ், டபுள் பேஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசிச்ச லீ அலெக்சாண்டர், அப்புறம் நாட்டுப்புறப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் மாதிரி பழையவங்க. எல்லாப் பாட்டும் அவங்க எழுதினதோ சேர்ந்து எழுதினதோன்னு முதல்ல வந்தது 2007ல "நாட் டூ லேட்" ஆல்பத்துலதான், அதையும் பெரும்பாலும் வீட்டு ஸ்டூடியோலயே பதிவு பண்ணினாங்க. 27 வயசு வரைக்கும் பொறுமையா காத்திருந்து, நடுவுல அடுத்தவங்க பாட்டையெல்லாம் பாடிப் பழகி வந்திருக்காங்க. டைட்டில் பாட்டு எவ்வளவு எளிமையான பாட்டு பாருங்க, சின்ன சின்ன வரி, ஒரே மாதிரி ஆரம்பிக்கும், பியானோ கத்துக்க ஆரம்பிச்ச என் பொண்ணு மூணாவது வாரத்துல அதோட கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) வாசிச்சிட்டா. ஆனா அவளால அதை அந்த நிதானத்துல வாசிக்க முடியல, ஓடிடறா.

ரெண்டாவது குறை சாமான் சம்பந்தப்பட்டது. நான் ஆன்லைன்ல வாங்கின கடை அட்டைப் பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் கூட சுத்தாம அனுப்பிட்டாங்க, மூலை நசுங்கி வந்துச்சு, மூணாவது சிடில கீறல், ஏழாவது டிராக்ல மாட்டிக்கிட்டு நிக்குது. போட்டோ எடுத்து அனுப்பி, நாலு தடவை மெயில் போட்டு, மாத்தி வரதுக்கு அஞ்சு வாரம் ஆச்சு. இறக்குமதி சாமான்ங்கிறதால விலையும் லேசுப்பட்டதில்ல. வாங்கறவங்க பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துடுங்க, வந்த அன்னிக்கே மூணையும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துடுங்க.

உள்ள இருக்க புக்லெட் நல்லா இருக்கு, பழைய போட்டோ எல்லாம் போட்டிருக்காங்க. படிக்கக் கண்ணாடி வேணும், எழுத்து சின்னது.

ஆல்பம் ஏற்கெனவே வெச்சிருக்கவங்க, ஏதோ பின்னணில ஓடட்டும்னு கேக்கறவங்க இதை வாங்கத் தேவையில்ல, பழைய சிடியே போதும், முதல் சிடி அதேதான், கொஞ்சம் துலக்கியிருக்காங்க. பாடறவங்க, வீட்ல பாடற பிள்ளை வெச்சிருக்கவங்க வாங்குங்க. வாங்கினா முதல் சிடில இருந்து ஆரம்பிக்காதீங்க, ரெண்டாவதைப் போடுங்க. எங்க அப்பாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், போன மாசம் வந்திருந்தப்ப ஹெட்ஃபோன் மாட்டி அந்த டெமோ ஒண்ணைப் போட்டுக் கொடுத்தேன், யாருன்னு சொல்லல. கண்ணை மூடி முழுசா கேட்டுட்டு, "இந்தப் பொண்ணு இடது கை ரொம்ப சுத்தம்ப்பா, இன்னொண்ணு போடு"ன்னார்.