வெண்பனி மணவிழாவுக்கு வெள்ளைப் பூக்களா, சிவப்பும் பசுமையுமா?

நிலமெங்கும் வெண்பனி படர்ந்திருக்கும் நாளில் திருமணம் என்று முடிவானதும், பூ அலங்காரத்தைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். பனியின் நிறத்தையே தொடர்ந்து, வெள்ளை ரோஜா, அனிமோனி, ரனன்குலஸ், ஆர்க்கிட் என முழுக்க வெண்மையாக அமைப்பது ஒன்று. ஊசியிலைக் கிளைகளின் கரும்பச்சைக்கு நடுவே சிவப்பு ரோஜாவையும் அமரில்லிஸையும் ஹோலி என்னும் முள்ளிலைச் செடியின் சிவப்புக் கனிகளையும் வைத்துப் பனிக்கு எதிர்நிறமாக அமைப்பது மற்றொன்று. இரண்டுமே அழகானவைதான். ஆனால் ஒரே நாளில் திறந்த வெளியையும், சூடூட்டிய மண்டபத்தையும், சீக்கிரமே கவியும் மாலை இருட்டையும் பூக்கள் சந்தித்தாக வேண்டியிருப்பதால், எது மேல் என்பதற்கான விடை இடத்துக்கு இடம் மாறுகிறது.

திறந்த வெளியில் வெள்ளைக்குப் பனியே முதல் எதிரி. நிழலில் கிடக்கும் பனி வானத்தின் ஒளியை வாங்கி இலேசான நீலச் சாயல் கொள்கிறது; அதன் அருகே, அறைக்குள் தூய வெள்ளையாகத் தெரிந்த தந்தநிற ரோஜா மஞ்சள் பாரித்துப் பழையதுபோல் தோன்றுகிறது. மணமகளின் உடையும் வெள்ளை என்றால், உடை, பூச்செண்டு, பின்னணி மூன்றும் ஒன்றில் ஒன்று கரைந்து, பூவின் விளிம்பே தெரியாமல் போய்விடும். புகைப்படத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுவதால் பனி மங்கிப் பதிகிறது. அதைச் சரிசெய்யப் புகைப்படக்காரர் ஒளியளவை ஒன்று அல்லது இரண்டு படி கூட்டும்போது, வெள்ளை இதழ்களின் மென்மையான மடிப்புகள் அழிந்துவிடக்கூடும். கரும்பச்சைக்கும் சிவப்புக்கும் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளையிலும் அனிமோனி மட்டும் ஒரு விதிவிலக்கு: அதன் கருமையான நடுப்பகுதி, பனிப் பின்னணியிலும் பூவுக்கு ஒரு முகத்தைத் தந்துவிடுகிறது.

குளிரைத் தாங்குவதில் நிறத்தைவிடப் பூவின் பிறப்பிடமே முக்கியம். வெப்பமண்டலத்தைச் சேர்ந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே பாதிக்கப்படும். உறைய வேண்டிய தேவையே இல்லை. சிவப்பு அணியின் நாயகனான அமரில்லிஸும் தென் அமெரிக்காவின் வெதுவெதுப்பான பகுதிகளைச் சேர்ந்தது என்பதால் உறைபனியைத் தாங்காது. ரோஜாவோ பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலான குளிரில் சேமித்து வைக்கப்படும் பூ. ஆயினும் உறைந்துவிட்டால் எந்தப் பூவின் இதழும் தப்புவது அரிது. உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைச் சிதைக்க, உருகியதும் இதழ் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தன்மை பெற்றுப் பழுப்பாகிவிடும். ஃபர், பைன் ஆகிய ஊசியிலை மரங்களும் ஐவிக் கொடியும் குளிர்காலத்தையே தாங்கி நிற்பவை என்பதால், பசுமை சேர்ந்த அமைப்புக்கு இங்கே தெளிவான சாதகம் உண்டு.

மண்டபத்துக்குள் நிலைமை வேறு. சூடூட்டிய வறண்ட காற்றில் ஸ்ப்ரூஸ் கிளைகள் ஊசிகளை விரைவாக உதிர்ப்பதால், மேசைகளுக்கு ஃபர் கிளைகளே பொருத்தம். வெட்டுவாயில் கசியும் பிசின் உடையில் ஒட்டினால் எளிதில் போகாது. ஆகவே செண்டின் பிடியை நாடாவால் இறுகச் சுற்றியே ஆக வேண்டும். ஹோலிக் கனிகள் நச்சுத்தன்மை உடையவை. உணவு மேசையிலும் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்திலும் அவற்றை வைக்கவே கூடாது. வெள்ளை அணியிலும் குறை உண்டு. அனிமோனி வெப்பத்தில் முழுதாக விரிந்து சீக்கிரமே ஓய்ந்துவிடும். பனிக்காலத்திலேயே மலரும் ஹெலிபோரைப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். மகரந்தத் தாள்கள் உதிர்ந்து விதைப்பைகள் உருவாகத் தொடங்கிய பிறகு பறித்தால்தான் அது நிலைக்கும், இளம்பூ துவண்டுவிடும். அகன்ற கிண்ணத்து நீரில் அதை மிதக்கவிடுவது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

மாலையில் தராசு வெள்ளையின் பக்கம் சாய்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பை இழக்கத் தொடங்குகிறது. பர்கின்யே விளைவு என்று அறியப்படும் இந்த மாற்றத்தால், பகலில் ஒளிர்ந்த அடர்சிவப்பு ரோஜா அந்தி வெளிச்சத்தில் ஏறத்தாழக் கருப்பாகவே தெரிகிறது. வெள்ளைப் பூவோ மெழுகுவர்த்தியின் சிறு சுடரைக்கூட வாங்கித் திருப்பித் தரும்.

எனவே ஒரே திட்டத்தை நாள் முழுவதற்கும் இழுத்துப் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகலில் வெளியே படம் எடுப்பதற்கான செண்டும் நுழைவாயில் வளைவும் சிவப்பும் பசுமையுமாக இருக்கட்டும். அந்தச் சிவப்பும் கருஞ்சிவப்பாக இல்லாமல் தெளிந்த சிவப்பாக இருந்தால், அந்தி வரும்வரையேனும் தன் நிறத்தைக் காட்டும். மண்டபத்து மேசைகளை வெள்ளைக்கு விட்டுவிட்டு, அவற்றின் அடியில் ஃபர் கிளைகளைப் பரப்பினால் இரண்டு அமைப்புகளுக்கும் ஒரு தொடர்பு கிடைத்துவிடும். மனம் வெள்ளைச் செண்டைத்தான் விரும்புகிறது என்றால், அனிமோனியைச் சுற்றிக் கரும்பச்சை இலைகளை ஒரு வளையமாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். படம் எடுக்கும் கணம் வரை செண்டு மூடிய பெட்டியிலேயே இருக்கட்டும், காரில் ஏற்றும்போது சூடான காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.