முதல் யுகுலேலே: சோப்ரானோவா, கான்சர்ட்டா?

மும்பையில் ஐயாயிரம் ரூபாய்க்குள் முதல் யுகுலேலே (கிதாரைப் போன்ற சிறிய தந்திக் கருவி) வாங்க நினைப்பவர் முன்னே பெரும்பாலும் மூன்று வாய்ப்புகள் வந்து நிற்கின்றன: ஏறத்தாழ 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய அளவான சோப்ரானோ, 4,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் அதைவிடச் சற்றுப் பெரிய கான்சர்ட், சற்றுக் கூடுதலாகச் செலவிடத் துணிந்தால் பிளாஸ்டிக் உடல் கொண்ட வகை. நான் வாங்கியது பிளைவுட் உடல் கொண்ட கான்சர்ட். அக்கா மகளின் சோப்ரானோவும் எங்கள் வீட்டிலேயே இருப்பதால் இரண்டையும் மாறி மாறி வாசிக்க வாய்த்தது. இந்த அலசல் கான்சர்ட் பக்கம் சாய்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். இவை மூன்றிலும் நான்கு தந்திகள். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஜி, சி, இ, ஏ என்ற ஒரே சுருதியமைப்பு. ஆகவே ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றிலும் அப்படியே செல்லும். சோப்ரானோவின் மொத்த நீளம் 21 அங்குலம், கான்சர்ட் 23 அங்குலம். மாலை நேரத்து லோக்கல் ரயிலில் இந்த இரண்டு அங்குலம் ஒரு பொருட்டே அல்ல. அடுத்த அளவான 26 அங்குல டெனர் விலை கூடியது. அதைவிடப் பெரிய பாரிடோன் டி, ஜி, பி, இ என்று வேறு சுருதியில் நிற்பதால் தொடக்கநிலையாளருக்கு வேண்டாம்.

விரலுக்குக் கிடைக்கும் இடத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தந்தியின் அதிரும் நீளம் சோப்ரானோவில் ஏறத்தாழ 34.5 சென்டிமீட்டர், கான்சர்ட்டில் 38 சென்டிமீட்டர். இதனால், கழுத்தில் விரல் அழுத்தும் கட்டங்களான மெட்டுகளில், முதல் மெட்டின் அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே கூடுகிறது. காகிதத்தில் இது அற்பமாகத் தோன்றும். ஆனால் டி கார்டுக்கு (கார்ட் என்பது பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிப்பது) இரண்டாம் மெட்டில் அடுத்தடுத்த மூன்று தந்திகளை மூன்று விரல்களால் அழுத்த வேண்டியிருக்கையில், பெரியவர் கை சோப்ரானோவில் இடம் போதாமல் திணறுவதைப் பார்க்கலாம்.

இருந்தாலும், என் முடிவைத் தீர்மானித்தது இடவசதி அன்று, சுருதி. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யுகுலேலேயைக் கையில் எடுத்தால், சினிமாப் பாட்டுக்கு நான்கு கார்ட் பழகிய கையோடு, ஏற்கெனவே காதில் இருக்கும் கர்நாடக இசைப் பாலபாடமான சரளி வரிசையையும் அதில் தேடிப் பார்ப்பது இயல்பு. திறந்த சி தந்தியை ஸட்ஜமாக, அதாவது ஒரு கட்டைச் சுருதியாக வைத்துக்கொண்டால், அந்த வரிசையின் ராகமான மாயாமாளவகௌளை முழுவதும் எளிதாக விரலுக்கடியில் வந்துவிடும். சி தந்தியின் முதல் மெட்டில் சுத்த ரிஷபம், திறந்த இ தந்தியில் அந்தர காந்தாரம், அதே தந்தியின் முதல் மெட்டில் சுத்த மத்யமம், மூன்றாவதில் பஞ்சமம், நான்காவதில் சுத்த தைவதம். ஏ தந்தியின் இரண்டாம் மெட்டில் காகலி நிஷாதம், மூன்றாவதில் மேல் ஸட்ஜம். (கமகம் எதிர்பார்க்க வேண்டாம், நைலான் தந்தியை இழுத்து வளைத்தாலும் ஸ்வரம் மிகக் குறைவாகவே ஏறும்.)

இப்போது கவனிக்க வேண்டியது, ரிஷபமும் மத்யமமும் முதல் மெட்டில் விழுவதுதான். மலிவான கருவிகளில் அதிகம் காணப்படும் குறையும் அங்கேதான் வெளிப்படுகிறது. கழுத்தின் உச்சியில் தந்திகள் கடந்து வரும் சிறிய பட்டையான நட்டில் பள்ளங்கள் போதிய ஆழத்தில் வெட்டப்படாவிட்டால், தந்தி உயரமாக நிற்கும். முதல் மெட்டில் அதை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடும். திறந்த தந்திகள் நான்கும் சுருதி காட்டும் டியூனரில் துல்லியமாக நிற்கையில், ரிஷபமும் மத்யமமும் மட்டும் காதைக் கூசவைக்கும். கார்ட் வாசிப்பவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடும்; தம்பூராவோடு வளர்ந்த காது பொறுக்காது. தந்தியின் நீளம் குறையக் குறைய, அதே உயரத்திலிருந்து அழுத்தினாலும் இழுவையின் விகிதம் கூடுகிறது என்பதால், ஒரே அளவுக் குறை கான்சர்ட்டைவிடச் சோப்ரானோவில் பெரிதாகக் கேட்கும். தவிர, ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது 38 சென்டிமீட்டர் நீளத்தில் அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுவதால், விரல் சற்று அதிகமாக அழுந்தினாலும் சுருதி அவ்வளவாக அலைவதில்லை.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். கிளிப் டியூனரைத் தலைப்பகுதியில் மாட்டி, ஒவ்வொரு தந்தியையும் முதலில் திறந்தும், பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தியும் மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஸ்வரத்தை, ஒரு ஸ்தாயி இடைவெளியில், காட்ட வேண்டும். அடுத்து முதல் மெட்டில் அழுத்தி, அடுத்த அரை ஸ்வரத்தைத் துல்லியமாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மெட்டில் மட்டும் ஸ்வரம் ஏறினால், நட்டை அரத்தால் ராவிச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். பன்னிரண்டாம் மெட்டில் கணிசமாக விலகினால், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையே தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பெயர்த்து ஒட்டும் கூலி கருவியின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், அந்தக் கருவியை அங்கேயே வைத்துவிடுவது நல்லது. இணையத்தில் வாங்குபவருக்கு இந்தச் சோதனை பெட்டி பிரித்த பிறகே கிடைக்கும் என்பதால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தோபி தலாவில் ஜேர் மஹால் கட்டடத்தில் உள்ள ஃபர்டாடோஸ் போன்ற பழைய கடைகளுக்கு நேரில் செல்வதன் பயனும் இதுவே.

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகளைப் பொறுத்தவரை பல்சக்கரம் உள்ளவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். உராய்வில் மட்டும் நிற்கும் பழைய வகை, புதியவர் கையில் நழுவிக்கொண்டே இருக்கும். ஆனால் புதிய நைலான் தந்திகள் முதல் ஓரிரு வாரங்கள் நீண்டு இறங்குவது எந்தக் கருவியிலும் இயல்பானதே. அதை வைத்துக் கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது. மலிவான சோப்ரானோவில் வரும் தந்திகளைக் கழற்றிவிட்டு, இத்தாலிய நிறுவனமான அக்விலாவின் நைல்கட் தந்திகளைப் போட்டால் ஒலி வெகுவாகத் தேறும். அந்தச் செலவையும் தனியாக வாங்க வேண்டிய டியூனர், உறை ஆகியவற்றின் செலவையும் கூட்டினால், அவற்றோடு சேர்த்தே விற்கப்படும் கான்சர்ட்டின் விலையை நெருங்கிவிடுகிறோம்.

இனி மும்பையின் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் ஊறிக் கிடக்கும் இந்த நகரில், ஒற்றைப் பலகையில் மேற்பலகை இழைத்த, ‘சாலிட் டாப்’ எனப்படும் கருவி உப்பும், ஏ.சி. அறைக்குள் வைத்தால் சுருங்கும். இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்ட பிளைவுட் இந்த ஆட்டத்துக்கு அதிகம் அசைவதில்லை. ஆகவே ‘சாலிட் டாப்’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை முதல் கருவியில் தவிர்க்கலாம். ஒலி வேற்றுமையை உணரும் காதும் கையும் பின்னரே வரும். ஈரத்தை முழுவதும் பொருட்படுத்தாதவை பிளாஸ்டிக் உடல் கொண்டவை. பாலிகார்பனேட்டில் வார்க்கப்பட்ட என்யா நோவா யு, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆன காலா வாட்டர்மேன் ஆகியவை பெயர் பெற்றவை. நண்பர் ஒருவருடைய பிளாஸ்டிக் யுகுலேலேயைச் சில மாலைகள் மட்டுமே வாசித்திருக்கிறேன்: சுருதி நன்றாக நின்றது, ஒலி சற்றுக் கூர்மையாக இருந்தது. நெடுநாள் உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்தப் பழக்கம் போதாது. கடற்கரைக்கும் மலையேற்றத்துக்கும் எடுத்துச் செல்பவர் அதையே முதலில் பார்க்கலாம்.

சோப்ரானோவுக்குரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏழு, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதுவே கைக்கு அடங்கும். யுகுலேலே என்றதும் மனத்தில் எழும் அந்தத் துள்ளும் குரலும் அதற்கே உரியது. பிள்ளை இரண்டு மாதத்தில் ஆர்வம் இழந்துவிடுமோ என்ற ஐயம் உள்ள பெற்றோருக்கு 2,000 ரூபாய் தாங்கக்கூடிய இழப்பு. ஆனால் வண்ணம் பூசிய பொம்மைக் கருவிகளை, விலை எவ்வளவு குறைந்தாலும், இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கான்சர்ட்டுக்கு இன்னொரு சலுகை உண்டு. வழக்கமான அமைப்பில் ஜி தந்தி சி தந்தியைவிட உயர்ந்து ஒலிப்பதால், ஸட்ஜத்துக்குக் கீழே ஒரு ஸ்வரமும் கிடையாது. மந்தர ஸ்தாயிக்கு இறங்கும் கீர்த்தனை பாதியில் நின்றுவிடும். அந்த ஒரு தந்தியை மட்டும் ‘லோ ஜி’ எனப்படும் தடித்த தந்தியாக மாற்றினால் மந்தர பஞ்சமம் வரை இறங்கலாம். சோப்ரானோவின் சிறிய உடலில் அந்தத் தந்தி மந்தமாக ஒலிக்கிறது. கான்சர்ட் அதைத் தாங்குகிறது. மாற்றும்போது நட்டின் பள்ளத்தையும் தடிமனுக்கேற்ப அகலப்படுத்தச் சொல்ல வேண்டும்; இல்லையெனில் தந்தி மேலேயே உட்கார்ந்து, முன்னே சொன்ன முதல் மெட்டுத் தொல்லை ஜி தந்தியிலும் தொடங்கிவிடும்.