வடநெம்மேலி இருளர் பாம்புப் பண்ணை: அவசியம் போய்ப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபின் பாம்பு பிடிக்கும் அதே கைத்திறனை உயிர்காக்கும் வேலைக்குத் திருப்பியவர்கள் இந்த இருளர் பழங்குடியினர். மண்பானை வாயில் கட்டிய துணியை அவிழ்த்து, கண்ணாடி விரியனைக் கொக்கியால் நிதானமாகத் தூக்கினார் ஒரு அண்ணன். சவ்வு கட்டிய குவளையில் பல் பதிந்ததும் மஞ்சளாக விஷம் இறங்கியது. என் மகள் மூச்சுவிடவே இல்லை! விஷக்கடி மருந்து தயாரிக்க இது போகிறது. பாம்புகளைச் சில வாரங்களில் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு இது விடுமுறைப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு. தயவுசெய்து வித்தை காட்டச் சொல்லிக் கத்தாதீர்கள். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், கேள்வி கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.